சூட்டை இறக்கி வைக்க ஓர் இடம்

ஜாபர் சாதிக் சவூதியின் தமாமில் இருபத்திரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். மாடி மாடியாக ஏறி, ஐம்பது டிகிரி வெயிலில் நின்று, அடுத்தவர் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளிக் கொடுத்ததுதான் அவர் பார்த்த வேலை. ஐம்பத்து மூன்று வயதில், தேய்ந்துபோன இடுப்போடு தேவிபட்டினத்துக்குத் திரும்பியபோது மனைவி ஹமீதா பானுவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். இனி வெயிலில் கூரை ஏறுகிற வேலை மட்டும் வேண்டாம். ஃபிரிட்ஜ், மிக்சி என்று நிழலில் உட்கார்ந்து பார்க்கிற ரிப்பேரே மிச்சக் காலத்துக்குப் போதும்.

எட்டு மாதம் அப்படியே போனது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள் அப்துல் அஜீஸ் ஆள் விட்டார். கடற்கரைச் சாலையில் நண்டு கம்பெனி வைத்திருப்பவர். ஜாபருக்கு உம்மா வழியில் சொந்தம், காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் முறை, மறுக்க முடியாத மனிதர். கம்பெனி என்று பேர்தானே தவிர, தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. காலையில் அவித்த நண்டை ஐஸில் போட்டு ஆற்றி, முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். எடுத்த சதை பின்னால் இருக்கும் குளிர் அறைக்குப் போகும். ஊர்க் கரண்டை நம்ப முடியாது என்று அஜீஸ் போன வருஷம் கூரைமேல் நாற்பது சோலார் பேனல் போட்டிருந்தார்.

அதில்தான் சிக்கல். மதியம் ஒரு மணிக்கு மேல் பேனல் தரும் கரண்ட் இறங்குகிறது. குளிர் அறை கம்ப்ரசர் முக்கி முனகி நின்றுவிடுகிறது. இரண்டு முறை சதை கெட்டுக் கடலில் கொட்டியாகிவிட்டது. பேனல் மாட்டியவர்கள் வந்து பார்த்து, கோளாறு ஒன்றுமில்லை, சூட்டில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

"வெயில் கூடுனா கரண்டும் கூடத்தானேப்பா செய்யணும்?" என்றார் அஜீஸ்.

ஜாபர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். மேலே போய்ப் பேனலுக்கு அடியில் கையை விட்டவர் உடனே இழுத்துக்கொண்டார். தெர்மாமீட்டர் அறுபத்தெட்டு காட்டியது. பேனலுக்கும் தகரத்துக்கும் இடையில் நாலு விரல் இடைவெளிகூட இல்லை. காற்று புக வழியில்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு இல்லை, சூடு ஏற ஏறக் கரண்ட் குறையும் என்று இறங்கி வந்து விளக்கினார். அப்படியென்றால் குளிர வை என்றார் அஜீஸ், ஏசி மெக்கானிக்கிடம் அதைச் சொல்வது இயல்புதானே என்கிற மாதிரி.

முதலில் போர் தண்ணீரைக் கண்ணாடிமேல் பூவாகத் தெளிக்க வைத்தார். நாலு நாள் கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது. அஜீஸ் தெருவில் நின்று அவரைப் புகழ்ந்தார். இரண்டு வாரத்தில் பேனல் முழுக்க வெள்ளையாக உப்பு படிந்து, வெளிச்சமே உள்ளே போகாமல், கரண்ட் முன்பைவிடக் குறைந்தது. உப்புத் தண்ணீர் என்று தெரிந்தும் அதை யோசிக்காமல் விட்டது தன் தப்பு என்று ஜாபருக்குத் தெரியும். யாரையும் கூப்பிடாமல் மூன்று நாள் தானே மேலே உட்கார்ந்து வினிகர் ஊற்றித் தேய்த்தார். மூன்றாம் நாள் இறங்கியபோது இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. அன்று இரவு ஹமீதா பானு அவர் இடுப்பில் தைலம் தேய்த்தாள். தமாமே தேவலை போலிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. பழைய ஏசிகளிலிருந்து செம்புக் குழாய்களைக் கழற்றி, அலுமினியத் தகட்டில் பதித்து, ஒவ்வொரு பேனலின் முதுகிலும் கட்டினார். தொட்டியில் நல்ல தண்ணீர். சின்ன மோட்டார் அதைக் குழாய்க்குள் சுற்றிவிடும். ஒரு மாதம் பிடித்தது. காலையில் பேனல் சூடு ஐம்பதுக்கு இறங்கியது. ஆனால் இரண்டு மணிக்குத் தொட்டித் தண்ணீரே சூடாகிப் போனது. சுடுதண்ணீர் எதைக் குளிர வைக்கும்? கம்ப்ரசர் மறுபடி நின்றது. பேனலிலிருந்து எடுத்த சூட்டை எங்காவது இறக்க வேண்டும், இறக்க இடமில்லை. சுடுதண்ணீரைச் சாக்கடையில் விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பச் சொன்னார் அஜீஸ். லாரியில் வருகிற குடிதண்ணீரைச் சாக்கடையில் விடுவதா என்று ஜாபர் மறுத்துவிட்டார்.

கொட்டகைக்குப் பின்னால் தொட்டியின் குழாயிலிருந்து சுடுதண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாமல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கலைச்செல்வி கழிவு ஓடுகளைக் கொட்ட வந்தாள். பன்னிரண்டு வருஷமாக அங்கே நண்டு உடைப்பவள். கூடையைக் கவிழ்த்துவிட்டுச் சொட்டும் குழாய்க்கு அடியில் கையை நீட்டினாள். அப்புறம் திருகியே விட்டாள். ஐஸில் ஊறி வெளுத்து, ஓடு கீறிய கைகள். தண்ணீர் வீணாகிறது என்று சொல்ல வாயெடுத்த ஜாபர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் இப்படியே இருந்துக்கிறேன் பாய். மதியத்துக்கு மேல விரலு இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது," என்றாள்.

தட்டு, தரை எல்லாம் கழுவ எந்தத் தண்ணீர் என்று ஜாபர் கேட்டார். லாரித் தண்ணீர்தான், ஒரு நாளைக்கு ஆறாயிரம் லிட்டர், பச்சைத் தண்ணீரில் நண்டுப் பிசுக்கு போகவே போகாது, மூணு தரம் தேய்க்க வேண்டியிருக்கிறது என்றாள் அவள்.

அவ்வளவுதான், ஜாபருக்கு வழி பிடிபட்டுவிட்டது. லாரித் தண்ணீர் நேராகக் கழுவுகிற இடத்துக்குப் போகாமல், முதலில் கூரை ஏறிப் பேனல்களின் முதுகைச் சுற்றிவிட்டு வெதுவெதுப்பாக இறங்க வேண்டும். எப்படியும் செலவாகிற தண்ணீர். போகிற போக்கில் சூட்டையும் தூக்கிக்கொண்டு போகட்டும். இது இரண்டு மாதத்துக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்று நினைத்தபோது ஜாபருக்குச் சந்தோஷம் வரவில்லை, அலுப்புதான் வந்தது.

குழாயை மாற்றிப் போட இன்னும் பத்து நாள். பதினோராம் நாள் மதியம் கம்ப்ரசர் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. பேனல் கரண்ட் நூற்றுக்கு ஏழு கூடியிருந்தது. இவ்வளவு பாடுக்கு ஏழுதானா என்று அஜீஸ் கேட்டார். அந்த ஏழுதான் இத்தனை நாளும் இல்லாமல் போனது என்றார் ஜாபர். உனக்கு என்ன வேண்டும் என்று அஜீஸ் கேட்க, அதற்காகவே காத்திருந்தவர்போல் சொன்னார்.

"எனக்கு ஒன்னும் வேணாம் காக்கா. மூணு மணிக்கு அந்தப் புள்ளைகளைப் பத்து நிமிஷம் சுடுதண்ணில கை வைக்க விடுங்க."

முப்பது பேர் பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு சதை என்று அஜீஸின் கண்ணுக்குள் கணக்கு ஓடியது தெரிந்தது. ஐந்து நிமிஷம் என்றார். ஜாபர் ஏணியைத் தோளில் தூக்கினார். பேனலைப் பற்றி ஊரில் தெரிந்த ஒரே ஆள் போகிறான் என்பதைப் பார்த்து, சரி, பத்து என்றார் அஜீஸ்.

கழுவுகிற இடத்துச் சிமெண்டுத் தொட்டியைச் சுற்றிப் பெண்கள் முழங்கை வரை கையை விட்டு நின்றார்கள்.  இரண்டு பேர் நின்றபடியே கண்ணை மூடியிருந்தார்கள். கலைச்செல்வி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி விரித்தாள்.

லாரித் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு உண்டு. மாதம் ஒருமுறை மேலே ஏறிக் குழாய்களை அலசாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அதை வேறு யாருக்கும் செய்யத் தெரியாது. ஜாபர் வீட்டுக்கு வந்து, அஸர் தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்தே தொழுதுவிட்டுப் படுத்தார். தொண்டியில் இன்னொரு நண்டு கம்பெனிக்காரர் தன் பேனலையும் பார்க்கச் சொல்லி மூன்று தடவை போன் பண்ணியதாக ஹமீதா பானு சொன்னாள்.

"என்ன சொல்லட்டும்?"

"வாரேன்னு சொல்லு," என்றார், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. "மழை விழுந்தப்புறம் வாரேன்னு சொல்லு."