நிரம்பாத குழி

எனக்கு ஒரே மகள். ஏழு வயதுக்குமேல் அவள் வளரவில்லை. அவளைக் கொண்டுபோனது எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரை அவளுக்கு வார்த்துக் கொடுத்தவள் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இந்த வயதில் பொறுமை இல்லை.

மட்டக்களப்புப் பட்டினத்தில், வாவிக் கரையை ஒட்டிய ஒரு ஒடுங்கிய தெருவில், ஒரு ஒழுங்கையில், இருந்தோம். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலம். அங்கே எந்த வளவைத் தோண்டினாலும் தண்ணீர் வரும், ஆனால் வாயில் வைக்க முடியாது. தேநீர் போட்டால்கூட உப்புக் கரிக்கும். எங்கள் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். வீடும் வளவும் கிணறும் எனக்குச் சீதனமாக எழுதியவை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். காலையிலும் பின்னேரமும் ஒழுங்கைப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். யார் முதலில், யார் பிறகு என்று நான் கிணற்றடியில் நின்று சட்டம் வைப்பேன். எனக்கு வாயும் நீளம். "என்ட தண்ணியக் குடிச்சுத்தான் இந்த ஒழுங்கைப் புள்ளைகள் வளருது" என்று சொல்லித் திரிந்தேன். சொன்ன வாய் அன்றைக்கே அழுகியிருக்க வேண்டும்.

என் கணவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வளவுக்குள் குழிக் கக்கூஸ் ஒன்று கட்டுவோம் என்றார். அதுவரை பற்றைக்குள்தான் போய்வந்தோம். மாரி காலத்தில் அது பெரும்பாடு. அவர் வளவின் பின்மூலையைக் காட்டினார்.

"தண்ணி சுமக்கிறது நீங்களா, நானா?" என்று கேட்டேன். "கிணத்தடிக்குக் கிட்டப் போட்டா நாலு எட்டில வாளியக் கொண்டு போயிரலாம்."

"கிணறு கிடக்கே..." என்று இழுத்தார்.

"வளவு என்ட. நான் சொல்ற இடத்தில வெட்டட்டும்."

அதோடு அடங்கிவிட்டார். பெண்டாட்டியின் சீதன வீட்டில் இருக்கிற மனுசன் அதற்குமேல் என்ன பேசுவார்?

வெட்டியவர்கள் ஆளுயரம் போகுமுன்பே மணலில் தண்ணீர் ஊறியது. தண்ணீர் கண்ட குழி நிரம்பாது என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு மெத்தச் சந்தோஷம். சொன்னது பொய்யும் இல்லை. இரண்டு மாரி கழிந்தும் எங்கள் குழி நிரம்பவில்லை. மற்ற வீடுகளில் மூடிவிட்டு வேறு வெட்டினார்கள். நான் அதையும் கைராசி என்று பெருமையடித்தேன். அதற்குள் போனதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா? இல்லை.

மூன்றாவது மாரியில் மழை விட்டபாடில்லை. கிணற்றில் தண்ணீர் கையால் அள்ளுகிற அளவுக்கு ஏறியது. மழை ஓய்ந்ததும் பட்டினத்தில் அங்குமிங்குமாக நெருப்புக் காய்ச்சல் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் அதைத் தைபோயிட் என்பார்கள். கிணறுகளைப் பார்க்கச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் சைக்கிளில் வந்தார். இளந்தாரி. கிணற்றுக்கும் கக்கூசுக்கும் இடையில் காலால் அளந்து பார்த்தார். வெயிலில் அவருக்கு வியர்த்து ஊற்றியது. நான் செம்பில் தண்ணீர் நீட்டினேன்.

"வேணாம் அக்கா," என்றார்.

நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"ஏன், எங்கட கையால வாங்கிக் குடிச்சா ஒங்கட சாதி கரைஞ்சு போயிருமோ?"

"ஐயோ அக்கா, சாதியில்ல. இந்தத் தண்ணிய நான் குடிக்க மாட்டன். நீங்களும் குடிக்காதீங்க. முதல்ல அந்தக் குழிய மூடுங்க. மறுகா, தண்ணியக் கொதிக்க வச்சு ஆறவிட்டுக் குடியுங்க. புள்ளைக்கும் அப்பிடித்தான்."

"கொதிக்க வச்சுக் குடிக்க இஞ்ச யாரு புள்ள பெத்துக் கிடக்கிறா?" என்று கேட்டேன். "போங்க, போய் உவர்க்கிணத்துக்காரருக்குப் படிப்பிச்சுக் குடுங்க!"

என் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கொண்டுவந்த ஊதாக் கட்டி மருந்தைக் கிணற்றில் கரைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் ரோசா நிறமாகிவிட்டது. பின்னேரம் வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. மறுநாளே ஆள் பிடித்துக் கிணற்றை அடிவரை இறைப்பித்தேன். சுற்றியிருந்த மணலிலிருந்து புதுத் தண்ணீர் குபுகுபுவென்று ஊறியது. எந்தப் பக்கத்து மணலிலிருந்து ஊறியது என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் செம்பை மகளுக்குத்தான் கொடுத்தேன்.

"எப்பிடிப் புள்ள?"

"சீனி போட்ட மாதிரி இருக்கும்மா."

ஒழுங்கை முழுவதும் கேட்கச் சிரித்தேன்.

இரண்டு கிழமை கழித்துத் தலையிடி என்று படுத்தாள். காய்ச்சல் இறங்கவே இல்லை. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி, மல்லி அவித்த தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னார். அவள் அதைத் துப்பினாள். "கிணத்துத் தண்ணி தாங்கம்மா, கிணத்துத் தண்ணி தாங்கம்மா" என்று அரற்றினாள். பெற்ற மனம் கேட்கவில்லை. கொடுத்தேன். ஒருதரம் இல்லை, கேட்டபோதெல்லாம் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வயிறு உப்பியிருந்தது. அங்கே அவள் தலைமயிரை வெட்டிவிட்டார்கள். அவள் கையைத் தூக்கித் தூக்கிப் பின்னலைத் தேடினாள். மூன்றாம் கிழமை வயிற்றுக்குள் இரத்தம் உடைந்தது. ஒரு மத்தியானம், என் மடியில், என்னை யாரென்று தெரியாமலே போய்விட்டாள்.

செத்த வீட்டுக்கு ஒழுங்கையே வந்தது. "விதி புள்ள, நீ என்ன குறை வச்ச?" என்றார்கள். "அம்மாள் கூப்பிட்டுக்கிட்டா" என்றார்கள். அழுது தொண்டை காய்ந்தவர்கள் எல்லாரும் எங்கள் கிணற்றில்தான் குடித்தார்கள்.

அதே கிழமை பரிசோதகர் ஆளனுப்பிக் குழிக்குள் பினாயில் ஊற்றுவித்தார். கிணற்றின் சுற்றுக்கட்டில், குடிக்கக் கூடாது என்று ஒரு பலகையும் தொங்கவிட்டார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. பலகையை யாரோ அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எட்டாம் நாள் சடங்கு கழிந்து ஒரு காலையில் தண்ணீர் அள்ளி வாயருகே கொண்டுபோனேன். மெல்லிசாகப் பினாயில் மணத்தது. குழியடிக்குப் போய் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். திரும்பி வந்து செம்பை மணந்தேன். மறுபடியும் போனேன், வந்தேன். பிறகு கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன். நான் வெட்டுவித்த குழி. நான் காட்டிய இடம்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வளவு மச்சாள் குடத்தோடு வந்தாள். இடுப்பில் அவளுடைய கடைக்குட்டி; அப்போதுதான் நடை பழகியிருந்தான். பின்னால் இன்னும் மூன்று நாலு பெண்கள்.

"மச்சாள், இந்தத் தண்ணிய இனி எடுக்காதீங்க. கக்கூஸ் இதுக்குள்ள ஊறுது. என்ட புள்ள இதாலதான் போனது."

அவள் குடத்தை வைத்துவிட்டுத் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"துக்கத்தில ஒங்களுக்குத் தலை கிறுகிப் போச்சு மச்சாள். நல்ல தண்ணியப் பழி சொல்லாதீங்க."

"மணந்து பாருங்க!"

மணந்தாள். "ஒண்டும் மணக்கல்ல. ஆஸ்பத்திரி மணம் ஒங்கட மூக்கில நிக்குது." சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் தண்ணீர் அள்ளிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். அவன் சப்புக் கொட்டிக் குடித்தான். "பாருங்க, எப்பிடிக் குடிக்கிறான். இப்பிடி இனிக்கிற தண்ணி எங்கயாவது கெட்டதாகுமா?"

அது என் பேச்சு. வருடக்கணக்காக நான்தான் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இனி நான் எதைச் சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது.

அடுப்படிக்குப் போனேன். லாம்புக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிவந்தேன். என்ன செய்கிறேன் என்று அவர்கள் விளங்கிக்கொள்ளுமுன் முழுவதையும் கிணற்றுக்குள் கவிழ்த்தேன். எண்ணெய் தண்ணீரின் மேலே பல நிறமாகப் படர்ந்தது.

மச்சாள் கத்திக் குழறினாள். "அடி பாவி! ஒன்ட புள்ள செத்தா எங்கட புள்ளைகளும் சாகணுமா? குடிக்கிற தண்ணியில நஞ்சக் கலந்துட்டாளே! நீ நல்லா இருப்பியா?" குனிந்து மண்ணை அள்ளி என்மேல் தூற்றினாள். மற்றவர்களும் தூற்றினார்கள். கண்ணிலும் வாயிலும் மண் விழுந்தது. நான் அசையவில்லை.

மகள் செத்த அன்றிலிருந்து எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருவராவது என்னை ஏசவில்லை. அந்த அணைப்பெல்லாம் எனக்கு நெருப்பாகச் சுட்டது.

"கொலைகாரி!" என்றாள் மச்சாள்.

"ஓம் மச்சாள்," என்றேன்.