இரண்டு கோமதிகள்

போன சனிக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், எங்கள் கோமதி அத்தையைக் கொன்றுவிட்டேன்.

பதறாதீர்கள். ஆன்லைனில்தான்.

எங்கள் குடும்பத்துக்கு ஓர் இணையதளத்தில் வம்ச மரம் இருக்கிறது. திருநெல்வேலி, சென்னை, டெக்சஸ், நான் இருக்கும் ஃப்ரீமான்ட் என்று பல ஊர்களில் இருக்கும் உறவுகள் தங்களுக்குத் தெரிந்ததை அதில் சேர்ப்பார்கள். எல்லாரும் சேர்த்தால் என்ன ஆகும்? ஒரே சித்தப்பா மூன்று இடத்தில் இருப்பார். ஒருவர் பிறந்த தேதியும் அவருக்குக் கல்யாணமான தேதியும் ஒன்றாக இருக்கும். டேட்டாவைச் சுத்தம் செய்வதற்குத்தான் ஆபீஸில் எனக்குச் சம்பளம். சொந்த வீட்டு டேட்டா இப்படிக் கிடந்தால் கை சும்மா இருக்குமா?

லிஸ்ட் போட்டேன். ஒன்று, பெயரில்லாத போட்டோக்கள். இரண்டு, தப்பான தேதிகள். மூன்று, டூப்ளிகேட்டுகள். மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தேன் – அதுதான் சுலபம் என்று.

கோமதி என்ற பெயரில் இரண்டு பதிவுகள். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ஊர். பிறந்த வருடத்தில் மட்டும் நான்கு வருட வித்தியாசம். நம் ஊரில் இது சகஜம்தானே? ஜாதகத்தில் ஒரு வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் ஒரு வயது கொடுத்திருப்பார்கள். ஒரு பதிவில் 'காலமானவர்' என்று வேறு டிக் இருந்தது. யாரோ கை தவறி அழுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் இணைத்தேன். இதைத் திரும்பப் பெற முடியாது என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததாம்... பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இணைந்த பதிவில் அந்த டிக்கும் ஒட்டிக்கொண்டது. தளம் தானாகவே எல்லாருக்கும் மெயில் அனுப்பிவிட்டது. பத்தே நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சென்னை மாமா ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டார். பின்னாலேயே கைகூப்பும் எமோஜிகள் வரிசை கட்டின.

அதற்குப் பதில் போட்டவர் கோமதி அத்தையேதான். "கேட்டு எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. எத்தன மணிக்கு எடுக்காங்க? டூட்டிய மாத்திக்கிட்டு வந்துருவேன்."

அத்தை அப்பாவின் தங்கை. அறுபத்து நான்கு வயது. டெக்சஸில் பேர்லேண்டில் வீடு, ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் பார்மசிஸ்ட் வேலை. முப்பத்தைந்து வருடமாக ஃப்ரீவேயில் ஓட்டுகிறார். பேச்சில் மட்டும் திருநெல்வேலியைத் தாண்டியதில்லை.

உடனே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அது கெடக்கட்டும். எங்க அக்காவ என்னட்டி பண்ணுன?"

"எந்த அக்கா?"

"இன்னொரு கோமதி இருந்தால்லா... அவதான்."

அத்தைக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்று வயதில் இறந்துவிட்டாள். அடுத்த வருடம் அத்தை பிறந்ததும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் இதை ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

"போனவதான் திரும்பி வந்துட்டான்னு எங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. எனக்குப் பாவாடை எடுத்தாக்கூட, 'அவளுக்கு மஞ்சன்னா உசுரு'ன்னு மஞ்சதான் எடுப்பா. எனக்கு மஞ்சளே பிடிக்காது. யார்ட்ட சொல்ல?" என்றார். "அவ வேற, நான் வேறன்னு எழுத்துல இருந்தது அந்த ஒரு எடத்துலதான். போன வருசம் நானே போட்டது. எங்கம்மா செஞ்சதையே நீயும் ஒரு பட்டன்ல செஞ்சுட்டியே."

சிரிப்பெல்லாம் போய்விட்டது எனக்கு.

"புதுசா ஒரு பதிவு போட்டுடறேன் அத்தை. அவங்களைப் பத்தி என்னென்ன தெரியும்? சொல்லுங்க."

"பேரும் பொறந்த வருசமுந்தான் தெரியும். நான் பொறக்கதுக்கு முன்னாலயே போயிட்டா. பாத்த ஆளுன்னா இப்ப ஒங்கப்பா ஒருத்தன்தான். அவன்ட்ட கேளு."

"நீங்களே கேளுங்களேன்."

"இத்தன வருசம் கேக்கல. இனி எப்படிக் கேக்க?"

அப்பா ஆறு மாதம் தங்க ஃப்ரீமான்டுக்கு வந்திருக்கிறார். அன்று மாலை மௌரி அவென்யூவில் இந்தியக் கடைக்குக் காரில் கிளம்பினோம். முகம் பார்த்துக் கேட்க முடியாததைக் காரில் கேட்டுவிடலாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம் அல்லவா?

"அப்பா, முதல் கோமதி எப்படி இருப்பாங்க?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?"

"அத்தை கேக்கறாங்க."

"பாப்பாவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா ஒரு நாளும் அத்தையைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எப்போதும் பாப்பாதான். செல்லம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

கடை வாசலில் காரை நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை.

"சிலேட்டுக் குச்சியத் திம்பா. எல்லாம் என் குச்சி. ஒரு நாள் புதுக் குச்சிய முழுசாத் தின்னுட்டா. முதுகுல ஒரு அடி போட்டேன். எனக்கு அப்ப அஞ்சு வயசு. நாலு நாள்ல காய்ச்சல் வந்து போயிட்டா." சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டார். "நான் அடிச்சதுலதான் போயிட்டான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"எவ்வளவு நாள்ப்பா?"

"பி.எஸ்ஸி. முடிக்க வரைக்கும்."

அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "நீங்களே சொல்லுங்கப்பா."

சொன்னார், அடித்தது உட்பட. இடது கைக்காரி என்றார். அண்ணன் என்று சொல்ல மாட்டாள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள் என்றார்.

"என்னைய நீ ஒரு தடவகூட அடிச்சதில்லையேண்ணே."

"எப்படி அடிக்க?"

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவ என்ன மாதிரி இருப்பாளா?"

"கொஞ்சங்கூட இல்ல. அவ ஒருத்தர் பேச்சும் கேக்க மாட்டா. நீ எல்லார் பேச்சையும் கேட்ட. அவ வேற ஆளு பாப்பா."

அத்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இத ஒரு அம்பது வருசத்துக்கு முன்னால சொல்லிருக்கலாம்லா?"

"நீ கேக்கலையே."

"கேக்க விட்டீங்களாக்கும்?"

அப்பா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு வழியாகக் கடைக்குள் போனோம். வாங்க வந்த பொருட்களில் பாதியை மறந்துவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து புதுப் பதிவு போட்டேன். பிறந்த வருடம் – அத்தை போட்டிருந்ததே. பிறந்த தேதி – தெரியாது. இறந்த தேதி – தெரியாது. போட்டோ – இல்லை. எதையும் ஊகித்து நிரப்பவில்லை. குறிப்பு என்ற இடத்தில் மட்டும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க, மூன்று வரி எழுதினேன். சிலேட்டுக் குச்சி தின்பாள். இடது கைக்காரி. அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

மூன்றே வருடம் இருந்த குழந்தைக்கு மூன்று வரி. என் பெயரைத் திறந்து பார்த்தேன். இரண்டு வரி இருக்கிறது – ஒன்று படித்த காலேஜ், இன்னொன்று வேலை பார்க்கும் கம்பெனி!