எதிர்வீட்டுத் தலைவர்

அழகேசன் வீட்டை விற்றுவிட்டாராம். சனிக்கிழமை லோரி வருகிறதாம். ஜொகூரில் மகள் மேனகாவோடு போய் இருந்துவிடப் போகிறாராம். வால்டருக்கு இதைச் சொன்னது ரொட்டிக் கடை ஷீலா. ஷீலாவுக்குச் சொன்னது கூலிம் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் அவள் கொழுந்தன். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "பஸ்ல பேசிக்கிட்டாங்கலா" என்பதோடு முடிந்துவிடும்.

"என்னாண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா? எதுத்தாப்லதானே இருக்கிங்க!" என்றாள் ஷீலா, தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றியபடி.

"தெரியும், தெரியும்" என்றார் வால்டர். சுட்ட ரொட்டி பாதியிலேயே நின்றுவிட்டது.

அவர் வாசலில் நின்று கூப்பிட்டால் அழகேசனின் வாசலில் கேட்கும். இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு லொங்காங். மழை பெய்தால் சாக்கடையும் வெயில் அடித்தால் கொசுவுமாகக் கிடக்கிற அந்தக் கால்வாயைத் தாண்ட ஒரு சிமெண்டுப் பலகை போட்டிருக்கிறது. அந்தப் பலகையைத் தாண்டி வரவேண்டிய சேதி கூலிம் வரை போய், ஒரு பஸ்ஸில் ஏறி, ரொட்டிக் கடையில் இறங்கி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

வால்டர் பிறந்தது பெல்மோர் தோட்டத்தில், பால்மரம் வெட்டுகிற குடும்பத்தில். மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் பாதிரியார் வைத்த பெயர் அது. அப்பாவுக்கு நாக்கு திரும்பாமல் கடைசிவரை 'வாத்தரு' என்றே கூப்பிட்டார். தோட்டம் விற்கப்பட்டு, காடு அழிந்து, தொழிலாளர்களுக்கு இந்த இரண்டு வரிசை மலிவு வீடுகள் கிடைத்தபோது வால்டர் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அழகேசன் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், சங்கத்திலும் இருந்தார். வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கியபோது எதிரெதிர் வீடு விழுந்ததில் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம்.

தோட்டத்துக்காரர்கள் விட்டுப்போன ஒரு பச்சைக் கெமா அவர்களிடம் இருந்தது. நல்லது கெட்டது எதுவானாலும் வீட்டு முன்னால் நிற்கிற துணிக் கூடாரம். சாவு விழுந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டதும் இளவட்டமாக இருந்த நாளிலிருந்தே இவர்கள் இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வால்டர் கம்பத்தைப் பிடிப்பார். அழகேசன் முடிச்சுப் போடுவார். சிலுவை மாட்டிய வீடா, விளக்கேற்றிய வீடா என்று கெமாவுக்குத் தெரியாது. யாரும் இவர்களைக் கூப்பிட்டதும் இல்லை, வேண்டாம் என்றதும் இல்லை.

கால்வாய்க்காகவும் சேர்ந்தேதான் அலைந்தார்கள். ஒரே மோட்டார்சைக்கிளில் கூலிம் மாவட்ட அலுவலகத்துக்குப் போவார்கள். போன இடத்திலெல்லாம், "உங்க தலைவர் யாரு?" என்றுதான் முதலில் கேட்டார்கள். தலைவர் இல்லாத இடத்துக்குச் சாக்கடை ஓடாது என்பது மெதுவாகப் புரிந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தேர்தல் வந்தது. கோலாலம்பூரில் ஒரு கட்சி உட்கார்ந்தது, மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரில் இன்னொரு கட்சி உட்கார்ந்தது. மத்திய அரசு நியமித்த ஆளை மாநிலம் நம்பவில்லை, மாநிலம் நியமித்த ஆளை மத்திய அரசு மதிக்கவில்லை. ஆகவே கம்பத்துக்குக் கம்பம், அதாவது கிராமத்துக்குக் கிராமம், ஆளுக்கொரு தலைவரைப் போட ஆரம்பித்தார்கள். மத்திய அரசின் ஆட்கள் பஸ்ஸோட்டி எல்லாரையும் தெரிந்துவைத்திருந்த வால்டரைத் தேடி வந்தார்கள். மறுவாரம் மாநிலத்து ஆட்கள் சங்கத்தில் பேசிப் பழகிய அழகேசனின் கதவைத் தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் இருவரும் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இரண்டு வரிசைக்கும் கேட்டது.

"நீ கோலாலம்பூர் ஆளு, நான் அலோர் ஸ்டார் ஆளு. ரெண்டு பக்கமும் கறக்கலாம்டா" என்றார் அழகேசன்.

"மாடு ஒதைச்சா?"

"ஒதைக்கிற பக்கம் நீ நில்லு."

அழகேசனின் மனைவி தங்கமலர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "ரெண்டு தலைவருக்கும் சோறு இங்கயா, அங்கயா? சொல்லிட்டா உலை வச்சிருவேன்."

அதைப் பெரிய சாமர்த்தியம் என்றே இருவரும் நினைத்தார்கள். முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது. இந்த வரிசைக்கு விளக்குக் கம்பம் வந்தது, அந்த வரிசைக்கும் வந்தது. இந்தப் பக்கம் ஒரு பாலாய்ராயா திறந்தார்கள், மூன்று மாதத்தில் அந்தப் பக்கமும் ஒரு பாலாய்ராயா எழுந்தது. இருநூறு பேர்கூட இல்லாத இடத்தில் இரண்டு சமூகக் கூடங்கள் வாசலோடு வாசல் முறைத்துக்கொண்டு நின்றன. கால்வாய் மட்டும் அப்படியே கிடந்தது. வால்டர் கேட்டால், "அது மாநிலத்து நிலம், நீங்க அங்க கேளுங்க" என்றார்கள். அழகேசன் கேட்டால், "அது மத்திய வீடமைப்புத் திட்டத்துல வருது" என்றார்கள். நடுவில் ஓடுகிற ஒன்றுக்குத் தலைவர் கிடையாது.

எப்போது சிரிப்பு நின்றது என்று வால்டருக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் தொகுதி அலுவலகத்திலிருந்து புவனேஸ்வரன் வந்து, "அண்ணே, அந்த வரிசையில நம்ம ஆளுங்க யாரு யாரு?" என்று கேட்டான். வால்டர் சொன்னார். சும்மா பேச்சு வாக்கில்தான் சொன்னார். தீபாவளிக்கு அரிசிப் பொட்டலம் வந்தபோது அவர் சொன்ன வீடுகளுக்கு மட்டும் வந்தது. மாநிலத்துப் பொட்டலங்கள் வந்தபோது அழகேசனும் அதே மாதிரி கொடுத்தார். அல்லது அதே மாதிரி கொடுத்ததாகச் சந்தில் பேசிக்கொண்டார்கள், இரண்டும் ஒன்றுதான். அதன்பிறகு வால்டர் அங்கே தேத்தண்ணி குடிக்கப் போவது குறைந்தது. பார்த்தால் ஏதாவது நினைப்பார்கள். யார் பார்ப்பார்கள், என்ன நினைப்பார்கள் என்று மனைவி ஜெனவீவ் கேட்டுப் பார்த்தார்.

இரண்டு பக்கத்துக்கும் புதுக் கெமாக்கள் வந்தன. மத்தியக் கெமா நீலம். அதன் முன்தொங்கலில் ஒய்.பி.யின் படம், அதாவது தொகுதி உறுப்பினரின் படம், ஒரு ஆள் நீளத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எந்த வீட்டின் முன்னால் எந்த நிறம் நிற்கிறது என்று பார்த்தால் போதும், ஓட்டு எங்கே விழும் என்று தெரிந்துவிடும். செத்தவர்களும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்த பிறகுதான் புறப்பட வேண்டியிருந்தது.

பிறகு ஒருநாள் விடிகாலையில் தங்கமலர் போய்விட்டார். இதயக் கோளாறு. மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுவந்தபோது மழை இருட்டிக்கொண்டிருந்தது. வால்டர் எல்லாவற்றையும் மறந்து பாலாய்ராயாவுக்கு ஓடினார். மூலையில் பழைய பச்சைக் கெமா மடித்துக் கிடந்தது. அதன்மேல் நீலம் கிடந்தது. அப்போது புவனேஸ்வரன் கைப்பேசியில் கூப்பிட்டான்.

"அண்ணே, கேள்விப்பட்டேன். நம்ம கெமாவையே போட்டுருங்க. ஒய்.பி. மாலை அனுப்புறாரு. தேர்தல் பக்கத்துல வேற இருக்கு, எதிர்ப்பக்கத்து வீட்டுலயே நாம நிக்கிறோம்னு தெரியட்டும்லா."

பச்சை ஒழுகும். மழை வருகிறது. இரண்டும் உண்மைதான். முன்தொங்கலை உள்பக்கமாக மடித்து இரண்டு ஊசி குத்தியிருந்தால் போதும் என்பதும் உண்மைதான். அது அவருக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் மடிக்காமலே நீலத்தைப் போட்டார். நினைப்பில் வால்டர் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அதுதான்.

அழகேசன் அழுதுகொண்டிருந்தார், எதையும் பார்க்கவில்லை. மாலையோடு வந்த பையன் படமெடுத்து முகநூலில் போட்டான். 'மக்கள் சேவையில் என்றும் உங்களோடு.' மேலே பல்லைக் காட்டும் ஒய்.பி., கீழே மூக்கில் பஞ்சோடு தங்கமலர். ஜொகூரிலிருந்து கணவனோடு காரில் வந்துகொண்டிருந்த மேனகா நெடுஞ்சாலையில் கைப்பேசியைத் திறந்தபோது தன் அம்மாவின் முகத்தை முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான்.

வந்து இறங்கியதும் அவள் நேரே அப்பாவிடம் போனாள். கைப்பேசியை நீட்டினாள். அழகேசன் பார்த்தார். நிமிர்ந்து முன்தொங்கலைப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய், வாழ்நாளெல்லாம் போட்டுப் பழகிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். மழை கொட்டியது. வால்டர் கம்பத்தைப் பிடிக்க ஓடினார்.

"நீ போ. ஒன் ஆளுங்க தேடுவாங்க" என்றார் அழகேசன்.

தங்கமலரை ஆளுக்கொரு குடையைப் பிடித்துக்கொண்டு எடுத்துப்போனார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜெனவீவ் மட்டும் போய்வந்தார்.

அந்தத் தேர்தலும் வந்து போனது. கூட்டணி மாறியது, அமைச்சர் மாறினார், அமைச்சரின் ஆட்களும் மாறினார்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு வரியில் வால்டரின் பதவி போனது. அழகேசனின் இடத்துக்கு மாநிலத்தார் பக்கத்துக் கம்பத்து ஆளைப் போட்டார்கள். புது ஆட்கள் நீலத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள், இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு கூடங்களுக்கும் பூட்டுத் தொங்கியது. யாருக்கும் வேண்டாத பச்சைக் கெமாவும் கம்பங்களும் மட்டும் வால்டரின் கார் நிறுத்துகிற இடத்தில் வந்து கிடந்தன. இனிச் சண்டைபோட எதுவும் மிச்சமில்லை. இருந்தும் பேச்சு திரும்பவில்லை. காலையில் கதவைத் திறக்கும்போது எதிரே ஆள் நின்றால் இவர் குனிந்து செருப்பைத் தேடுவார்.

ஷீலா கடையிலிருந்து திரும்பிய வால்டர் ஜெனவீவிடம் சொன்னார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"மேனகா சொல்லுச்சு."

"எங்கிட்ட சொல்லலயே?"

"என்னத்தச் சொல்ல? கூட்டம் போட்டு முடிவு பண்ணுவிங்களா?" ஜெனவீவ் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "நாலு எட்டு வச்சா எதுத்த வீடு. போய் மன்னிப்புக் கேளுங்க. பாதிரியார்கிட்ட வருஷா வருஷம் கேக்குறிங்கல்ல, அந்த மனுசங்கிட்ட ஒரு தடவ கேளுங்க."

"மழைக்காகத்தான் புதுச போட்டேன்."

"ஒழுகுனா ஒழுகட்டும்னு போட்டிருக்கணும். அவ நம்ம வீட்டு ஆளு."

வெள்ளிக்கிழமை முழுவதும் சாமான் கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வால்டர் இரண்டு முறை பலகை வரை போனார். ஒருமுறை கால்வாயில் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுக்க வந்ததுபோல எடுத்துக்கொண்டு திரும்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் லோரிக்காரன் வந்துவிட்டேன், வந்துவிட்டேன் என்று சொன்னதை நம்பிச் சாமான்களையெல்லாம் பாதையில் எடுத்து வைத்துவிட்டார்கள். அலமாரி, மெத்தை, தங்கமலரின் தையல் இயந்திரம். லோரி வழிதவறி வேறு தாமான் குடியிருப்புக்குள் போய்விட்டதாகத் தகவல் வந்ததும் மேனகாவும் கணவனும் அதைக் கூட்டிவரக் காரில் போனார்கள். அழகேசன் தனியாக நின்றிருந்தார். பொங்சு மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றில் மண் வாசனை அடித்தது.

முதல் துளிகள் மெத்தைமேல் விழுந்தபோது வால்டர் பச்சைக் கெமாவைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். கம்பத்தை இழுத்துக்கொண்டு சிமெண்டுப் பலகையைத் தாண்டினார். எத்தனையோ நாளாகத் தாண்ட முடியாத பலகை அது. மழை வந்ததும் கால் தானாகப் போனது. தையல் இயந்திரத்தின் பக்கத்தில் கம்பத்தை ஊன்றித் துணியை ஒரு பக்கம் ஏற்றினார். துணி காற்றில் அடித்துக்கொண்டது. ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை அது.

அழகேசன் வீட்டுக்குள் போயிருந்தார். உள்ளே கயிறு அறுக்கிற சத்தம் கேட்டது. கூப்பிட வேண்டும். வாயில் பெயர் வரவில்லை. அழகேசா என்றா, டேய் என்றா? இவ்வளவு நாளுக்குப் பிறகு எந்த உரிமையில் டேய் என்பது?

வால்டர் கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். 'அழகேசன் பய' என்று பழைய நாளில் பதிந்த பெயர் அப்படியே இருந்தது. அழுத்திக் காதில் வைத்தார்.

மணி அவர் பக்கத்திலேயே அடித்தது. தையல் இயந்திரத்தின்மேல் அழகேசனின் கைப்பேசி கிடந்தது, கண்ணாடியில் மழைத்துளிகள். சத்தம் கேட்டு அழகேசன் வாசலுக்கு வந்தார். கையில் கயிறு இருந்தது. தையல் இயந்திரத்தைப் பார்த்தார், பச்சைத் துணியைப் பார்த்தார், கம்பத்தைப் பிடித்து நின்ற வால்டரைப் பார்த்தார். வாசற்படியை விட்டு இறங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

மழை வலுத்தது. வால்டர் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையிலிருந்த கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது.