காலா, சிறுநீரகமா

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். மூன்றாம் கிழமை காயத்தில் சீழ் பிடித்தது. மறுபடி ஆஸ்பத்திரி. கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டது, ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதம், ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.

நாலாம் நாளே காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. கண்ணிமைகள் வீங்கியிருந்தன. சலம் போவது குறைந்திருந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. சிறுநீர்ச் சட்டிக்காக அடிக்கடி தாதியைக் கூப்பிடும் சங்கடம் இல்லையே என்று ஆறுதல்பட்டிருந்தேன்.

இரத்தப் பரிசோதனைத் தாளோடு இளம் டொக்டர் வந்தார்.

"அன்ரி, கிட்னி பழுதாகத் தொடங்கியிருக்கு. இந்த மருந்தாலதான்."

"அப்ப நிப்பாட்டுங்கோவன்."

"நிப்பாட்டினா கிருமி எலும்பை அரிச்சிடும். காலை எடுக்கவும் வேண்டி வரலாம்."

"நிப்பாட்டாட்டி?"

அவர் தாளைத் திரும்பவும் பார்த்தார். உயர்த்திக் கட்டிய காலோடு என்னால் அவருக்கு முதுகைக் காட்டிப் படுக்கக்கூட முடியவில்லை.

வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அதுவும் சிறுநீரகத்தைத் தொடலாம் என்பதால் தினமும் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். நாக்கு மரத்துண்டு போலக் கிடந்தது.

அன்று மாலை என் கணவர் தான் வேலை செய்யும் கொட்டாஞ்சேனைக் கந்தோரிலிருந்து இரண்டு பஸ் மாறி, போத்தலில் செவ்விளநீர் கொண்டுவந்தார்.

"குளிர்மையா இருக்கும், குடியும்."

நான் வாயில் வைக்குமுன் தாதி ஓடிவந்து, "எப்பா, எப்பா!" என்று பறித்தாள். வேண்டாமாம். இளநீரில் உள்ள உப்பைச் சிறுநீரகம் இப்போது வெளியேற்றாது, இதயத்துக்கு ஆபத்து என்று சிங்களத்தில் விளக்கினாள்.

அவர் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். "எனக்கென்னப்பா தெரியும்," என்றார். முப்பது வருடத்தில் அவர் அழுது நான் கண்டது அன்றுதான். எட்டி அவர் கையைப் பிடிக்கவும் ஊசிக் குழாய் விடவில்லை.

ஆறு கிழமை முடிந்தது. கால் தப்பியது. சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேல் வேலை செய்கிறது என்கிறார்கள்.

போன மாதம் தொண்டை நொந்து காய்ச்சல் வந்தது. பார்மசியில் வாங்கிய மாத்திரைகளை மேசையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அவற்றையே பார்த்திருந்தோம். விழுங்கவும் பயம், விடவும் பயம். கடைசியில் அவர் டொக்டருக்கு அழைப்பெடுத்தார்.