ஸ்டெல்லாவின் கால் தவறு செய்யவில்லை

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால், நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்த ஒரு பெண் ஆறு ஆண்டுகளாக ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்கிறாள். அவள் பெயர் ஸ்டெல்லா. என் பக்கத்து வீட்டுக்காரி.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்வதற்குக் காரணம் தைரியம் வந்துவிட்டது என்பதல்ல. நீங்கள் என்னைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. கோழைக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்!

எங்கள் ஊர் ஒரு தீவு. ஹேடோவில், துறைமுகத்துக்கு மேலே உள்ள அரசுக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மெக்கானிக். பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது, உப்புக்காற்றில் துருப்பிடித்த இடங்களைத் தேய்த்துப் பெயின்ட் அடிப்பது எல்லாம் நானேதான். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் தங்கள் வண்டிகளையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "மிஸ்திரி அண்ணன்" என்று வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் கூப்பிடுவார்கள். கூலியாக ஒரு பைசா வாங்கமாட்டேன். புகழ்ச்சியை மட்டும் வஞ்சனையில்லாமல் வாங்கிக்கொள்வேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஸ்டெல்லாவின் கணவன் ஜெரோம், தூத்துக்குடிக்காரன். தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் வேலை. போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகும். அதனால்தான் ஸ்டெல்லா கார் கற்றுக்கொண்டாள். என்னுடையதைப் போலவே அதே மாடல், அதே வயதுக் கார். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, தான் பாடம் நடத்தும் மழலையர் பள்ளிக்குப் போவாள். இந்த ஏற்ற இறக்கச் சாலைகளில் அவள் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டாலே தெரியும்... கை பழகிவிட்டது என்று.

ஒருநாள் அவள் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே ஈரம். பிரேக்கை அழுத்தும் சிறிய சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. சின்ன ரப்பர்தான். ஆனால் ஆயில் வடிந்துவிட்டால் நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. என் வண்டியிலும் அதே இடத்தில் இலேசான கசிவு இருந்தது.

எங்கள் ஊரில் கார் சாமான் வேண்டுமென்றால் கடைக்குப் போவதற்கு முன் கப்பல் எப்போது என்று கேட்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் ஒருவரிடம் இரண்டு ரப்பர் செட் வாங்கிவரச் சொன்னேன். அவருக்குக் கிடைத்தது ஒன்றுதான்.

அந்த ஒன்றை என் வண்டியில் போட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? மறுநாள் என் மேலதிகாரியின் குடும்பத்தைக் கடற்கரைக்கு அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவ்வளவுதான்... இதற்குமேல் பெரிய காரணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும்.

தீவுக்காரர்களான எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய எதையும் எறியமாட்டோம். பால்பவுடர் டின்னில் போட்டுவைத்து, அடுத்த ஜஹாஸ், அதாவது கப்பல், வரும்வரை அதைக் கொண்டே ஒப்பேற்றுவோம். என் வண்டியிலிருந்து எடுத்த பழைய ரப்பர் அவளுடையதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது. கழுவித் துடைத்து அதை அவள் வண்டியில் மாட்டினேன்.

அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். "பழசுதான் போட்டிருக்கேன், பத்து நாளைக்கு எடுக்காதே" என்றால் எடுத்திருக்கமாட்டாள். ஆனால் வண்டி அவளுக்குத் தினமும் வேண்டும். காத்திருக்காமல் நேரே ஜங்லிகாட் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவாள். அங்கே சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பவன், "யாரும்மா இதுல கை வச்சது?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு நான் பயந்தேன்.

"புது ரப்பர் போட்டியளாண்ணே?" என்று கேட்டாள்.

"போட்டாச்சும்மா. இனி டென்ஷன் நஹி."

எட்டாவது நாள் காலை, மின்னி பே பக்கம் இறங்கும் சரிவில் அவள் பிரேக்கை மிதித்தாள். கால் தரைவரை போயிற்று. முன்னே பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, இடதுபக்கம் திருப்பி, மலையோரத் தடுப்புச் சுவரில் வண்டியை உரசி நிறுத்தினாள். அந்த நேரத்தில் என்னால் அப்படிச் செய்திருக்க முடியுமா? சத்தியமாக முடியாது. நின்றிருந்தவர்களில் ஒருவர்மீதும் படவில்லை. பின்சீட்டில் இருந்த அவள் மகளுக்கு மட்டும் முன்சீட்டில் மோதித் தாடையில் மூன்று தையல்.

ஜெரோம் இரண்டு நாள் கழித்துக் கப்பலிலிருந்து வந்தான். மகளின் தாடையைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"பிரேக் புடிக்கலன்னு சொல்லுதா. பதட்டத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சிருப்பான்னு எனக்குத் தோணுது. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி! இத்தனை வருடமும் நான் ஆசைப்பட்ட வார்த்தை அதுதான்.

தனியாக வண்டிக்கு அடியில் போனேன். பின்சக்கரம் முழுக்க ஆயில். என் பழைய ரப்பர் கிழிந்து கிடந்தது. நான் மறுபடி சொல்லிவைத்திருந்த புதிய செட் முந்தின நாள்தான் கப்பலில் வந்திருந்தது. அதை மாட்டினேன். ஆயிலை நிரப்பினேன், குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன், டிரம்மைப் பெட்ரோல் ஊற்றித் துடைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்ததில்லை... திருடனுக்கும் தொழில் சுத்தம் வந்துவிடுகிறது.

பிறகு இருவரையும் கூப்பிட்டேன். ஜெரோம் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். பிரேக் கல்லாக நின்றது.

"பிரேக் டீக் ஹே, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "கால் கீழ வரைக்கும் போச்சுண்ணே" என்றாள், மெதுவாக. நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜெரோம் அவளைத் திட்டவில்லை. வண்டிச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். அதன்பிறகு அவள் சாவியைக் கேட்கவே இல்லை.

முதல் ஒரு வருடம், யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "கால் கீழ வரைக்கும் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு, "போன மாதிரி இருந்திச்சு" என்றாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஒரு மனுஷியின் ஞாபகத்தை அவளிடமிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியவன் நான். கொலைக்காவது ஒரு சடலம் மிஞ்சும். இதற்கு என்ன மிஞ்சியது?

சொல்ல நினைத்ததே இல்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். ஜெரோம் ஊரில் இல்லாதபோது, அவன் வரட்டும் என்பேன். வந்தபின், நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். நாள் கூடக்கூடப் பொய்யைவிட மௌனம் பெரிதாகிவிட்டது. பொய்யை ஒப்புக்கொண்டால் இத்தனை நாள் மறைத்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

போன மாதம் அவளே வந்தாள். கையில் ஒரு கடிதம். ஃபெரார்கஞ்ச் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நிரந்தர ஆசிரியை வேலை. பன்னிரண்டு வருடமாக அவள் காத்திருந்த வேலை. பஸ்ஸில் போனால் காலை முதல் மணி அடிப்பதற்குள் போய்ச்சேர முடியாது. காரில் போனால் முடியும்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றாள். என் மனைவி உள்ளே இருந்தாள். ஸ்டெல்லா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்கு நெசமாவே பிரேக் நல்லாத்தான் இருந்திச்சா? வண்டியில கோளாறுன்னா நான் தைரியமா மறுபடி ஓட்டிருவேன். என் கால்ல கோளாறுன்னா... வேண்டாம். ரோட்டுல பிள்ளைங்க போகும். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

ஆறு வருடம் கழித்து என் வாசலுக்கே வந்து கேட்டாள். குற்றம்சாட்ட வரவில்லை. கோபமும் இல்லை. நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவளுக்கு அந்த வேலையும் கிடைக்கும், அவள் காலும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

யோசித்தேன். எதைப்பற்றி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜெரோமின் முகத்தைப்பற்றி. குவார்ட்டர்ஸில் நாளை என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதைப்பற்றி. எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டே வருடம். அதுவரை இதே வீடு, இதே படிக்கட்டு, இதே முகங்கள்...

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

அவள் கடிதத்தை நான்காக மடித்தாள்.

"நல்லவேளை கேட்டேன். இல்லாட்டி அசட்டுத் தைரியத்துல எடுத்துட்டுப் போயி யாரு பிள்ளையையாவது அடிச்சிருப்பேன். நீங்க உண்மையச் சொன்னதாலதாண்ணே தப்பிச்சேன்."

அதோடு நிற்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.