மாவில் ஏறிய காரம்

மிளகாய் அரைபடும் நெடி, சிங்கப்பூரின் தேக்காவில் எங்கள் சந்துக்குள் நுழைகிறவர்களை முதலில் தும்ம வைக்கும், பிறகுதான் கடையைக் காட்டும். அப்பா தமது "மில்"லில் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாரிமுத்து மாமா அரிசியும் கோதுமையும் அரைத்தார். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் மாவு அரைத்தால், எவ்வளவு துடைத்தாலும் காரம் போகாது என்பதால் இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அரிசியோடு வருகிறவர்களை அப்பா "மாரிகிட்ட போங்கம்மா" என்று அனுப்புவார். மிளகாயோடு வருகிறவர்களை மாமா "அண்ணன்கிட்ட குடுங்க" என்பார். எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. எங்கள் கடைக்கு வந்த பைகளில் பாதிக்கு மேல் மாமா அனுப்பியவை.

மாலை வகுப்பில் வணிகம் படிக்கத் தொடங்கியிருந்த சித்தப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "பக்கத்துல இல்லாதது நம்மகிட்ட இருக்கணும்ணே. வர்ற ஆளை நாமளே ஏன் அந்தப் பக்கம் தள்ளிவிடணும்? ரெண்டையும் இங்கேயே அரைச்சா மாரி கடையை யாரு தேடப் போறா?" இதற்கு இப்போது போட்டிச் சாதகம் என்று பெயர், கருத்தரங்குகளில் கை தட்டுகிறார்கள். அப்பா இரண்டு வாரம் தயங்கினார், பிறகு சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு மாவு இயந்திரம் வாங்கினார்.

அது வந்து இறங்கிய அன்று மாமா வாசலில் நின்று பார்த்தார். "பெரிசாத்தான் இருக்குண்ணே. என்னையும் சேர்த்து அரைச்சிடுவீங்க போல" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தீபாவளிக்குள் மாமா இயந்திரத்தை விற்றுவிட்டு, செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டார்.

வென்றுவிட்டோம் என்றார் சித்தப்பா. ஆனால் எங்கள் கடை ஒரே அறை. இயந்திரங்கள் வேறு வேறுதானே என்று நினைத்தோமே தவிர, காற்று ஒன்றுதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நடுவே தட்டி வைத்தும், ஈரச் சாக்கு தொங்கவிட்டும் பயனில்லை. ஒரு காலையில் பொன்னம்மா அக்கா மாவுப் பையை மேசைமேல் தொப்பென்று போட்டார். "என்னண்ணே, இந்த இடியாப்பத்துக்குக் குழம்பே வேணாம்லா! புள்ள ஒரு வாய் வச்சிட்டு அழுவுறான்!" நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள், அடுத்த வாரம் அவர்களும் வரவில்லை. மாவுக்காக வேறு தெருவுக்குப் போனவர்கள் மிளகாயையும் அங்கேயே கொண்டுபோனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு செம்பவாங் போனார். "திரும்பி வந்துடு மாரி. என் மாவு மெஷினை நீயே எடுத்துக்க, காசு வேணாம்."

மாமா தேநீர் கலந்து கொடுத்தார். "இப்ப மாசம் பொறந்தா சம்பளம் வருதுண்ணே. பக்கத்துக் கடைக்காரரு என்ன நினைக்கிறாருன்னு யோசிச்சுக்கிட்டுக் கெடக்க வேணாம்."

மறு ஆண்டு கடையை மூடினோம்.

அந்தச் சந்தில் இப்போது மாவு மில் ஒன்றுகூட இல்லை. கைத்தொலைபேசிக் கடைகள் பதினொன்று. சென்ற வாரம் சந்து முனை மளிகைக் கடையில் கேழ்வரகு மாவு கேட்டேன். "இல்ல அங்கிள்" என்றார் அங்கிருந்த இளைஞர்.

"பக்கத்துல கிடைக்குமா தம்பி?"

"தெரியாது அங்கிள்."

வெளியே வந்தால், பக்கத்துக் கடை வாசலிலேயே கேழ்வரகு மாவுப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. அவர் மீது கோபம் வரவில்லை. அவருக்கும் யாரோ வகுப்பெடுத்திருப்பார்கள்.