ஐந்து கெஜப் பொறாமை

போத்தலின் வாயை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஓர் இழுப்பு. "நல்லெண்ணெ." அடுத்த போத்தல். "சீனிப்பாணி." அதற்கடுத்தது. இப்போது இமை சற்றுக் கூடுதல் நேரம் மூடியிருக்கும். "சாராயம். உங்கப்பன் இன்னும் விடலையா புள்ள?" வரிசை சிரிக்கும். போத்தலைக் கொண்டுவந்தவள் சிரிக்கமாட்டாள். மருந்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுவர வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அதை முகர்ந்து ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது கணபதியின் சொந்தச் சட்டம்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணபதி டிஸ்பென்சராக இருக்கிறார். வரிசை வீடுகளான லயத்துச் சனங்களுக்கு அவர் டாக்டரய்யா. அசல் டாக்டர்கள் பதுளையில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இங்கே யாருக்கும் இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து. மழையில் மலை சரிந்தாலும் சப்பாத்தின் மினுக்கம் சரியாது. மருந்து அறையின் ஜன்னல் பெரட்டுக் களத்தைப் பார்த்தபடி இருக்கிறது. காலையில் ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும் அந்த நேரத்தில்தான் அது திறக்கும். கங்காணி, கணக்கப்பிள்ளை, அப்பன், மாமன், மாமன் மகன் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் நிற்பார்கள். கூப்பிடவும் தேவையில்லை. நோயை உரக்கச் சொன்னால் பாதி நோய் ஓடிவிடும் என்பது கணபதியின் வைத்திய சித்தாந்தம். நோயாளி முணுமுணுப்பதை அவர் வாங்கி, களத்தின் மறுகோடி வரைக்கும் திருப்பிச் சொல்வார்.

இதனாலோ என்னவோ, அந்தத் தோட்டத்து வயசுப் பிள்ளைகளுக்கு ஆணும் பெண்ணுமாக ஒரே நோய்தான் வந்தது. தலைவலி. பன்னிரண்டு வயதில் பிடித்தால் கலியாணம் ஆகும்வரை அதே தலைவலி. "வயசுப் புள்ளைகளுக்கு வேறென்ன வரப்போகுது? வெயில்ல தலைக்குத் துண்டு கட்டுறதில்ல" என்று சொல்லி, ரோசா நிற மிக்சரை ஊற்றிக் கொடுத்து, பருவ வயதினரின் சுகாதாரத்தை அவர் பல வருடங்கள் கட்டிக்காத்தார். ஒருவர்கூட வேறு நோய் சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

அந்தப் பெருமையைக் கெடுக்கத்தான் குடையோடு ஒருத்தி வந்து சேர்ந்தாள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் அனுப்பப்பட்ட மருத்துவிச்சி, ஜெயலெட்சுமி. சனங்கள் வந்த வாரமே நர்சம்மா ஆக்கிவிட்டார்கள். தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து அறையை அவளுக்கு ஒதுக்கினார்கள். கணபதியின் பார்வையில் அவளிடம் குறைகளுக்குப் பஞ்சமில்லை. மழை இல்லாத நாளிலும் பூப்போட்ட குடை. சிரித்தால் தேயிலை அரைக்கும் ஸ்டோர் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். எந்நேரமும் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். அதன் ஒரு கை மட்டும் வளர்ந்துகொண்டே போனது, இன்னொரு கை பிறக்கவேயில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்தால் இவள் வாயைத் திறப்பதில்லையாம், அதுகள்தான் பேசுமாம். வாயைத் திறக்காமல் சம்பளம் வாங்கும் உத்தியோகத்தைக் கணபதி அதுவரை கண்டதில்லை.

இது போதாதென்று பதுளையிலிருந்து பெரிய டாக்டர் சொல்லியனுப்பினார். இனி வாரத்தில் ஒரு நாள் வயசுப் பிள்ளைகளுக்கென்றே கிளினிக். நிறுக்கும் தராசு வரும், இரத்தத்துக்கு மாத்திரை வரும், மாதம் ஒரு தடவை டாக்டரே வருவார். மருந்து அறையா, பிள்ளைக்காம்பராவா? பிள்ளைகள் எங்கே போகிறார்களோ அங்கே. மாதக் கடைசியில் வந்து பார்த்து முடிவு சொல்வாராம். கணபதி அன்றைக்கே தராசுக்குச் சுவரோரம் இடம் ஒழித்து வைத்தார்.

அன்று மாலை தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே அவர் மனைவி விசாலாட்சி சொன்னாள்: "வயசுப் புள்ளைக எல்லாம் அங்கதான் போகுதுகளாம். அங்க போனா ஒருத்திக்கும் தலைவலியே இல்லையாம்."

தேத்தண்ணீர் பாதியிலேயே ஆறியது.

மறுநாள் தண்ணீர் ஓடும் கான்களில் நுளம்பு இருக்கிறதா என்று பார்க்கும் கடமையுணர்ச்சி திடீரென்று பொங்கி, கணபதியைப் பிள்ளைக்காம்பராப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. கான் கரையோரம் குமரிகள் குந்தியிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆளுக்கொரு குழந்தை இடுப்பில். மீசை அரும்பிய பையன் ஒருவன் காணாமல் போகாத ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தான். பக்கத்து அறை வாசலில் சிவப்புத் துணியில் பச்சைக்கிளி போட்ட திரை தொங்கியது. ஓகோ என்றார் கணபதி. பிறகு சந்தோஷமாக ஒரு குறையையும் கண்டுபிடித்தார். திரை கட்டை. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கால் முழங்காலுக்குக் கீழே அப்படியே தெரிந்தது.

அந்தக் காலைப் பார்த்தார். அட்டை கடித்த புண், அதன் மேல் ஊதா மருந்து. முதல்நாள் அவரே தடவிய மருந்து. மாரிசாமியின் மகள், கொழுந்தெடுக்கும் கனகம். இவருடைய மருந்தைக் காலில் பூசிக்கொண்டு போய் அவளுடைய அறையில் உட்கார்ந்திருக்கிறாள்! மனைவி வேறொருத்தனுக்குச் சோறு போடுவதைப் பார்த்த புருஷனைப்போல அவர் கானுக்குள் நின்றார். வீட்டுக்கு வந்து தம் மிக்சரிலேயே ஒரு அவுன்ஸ் குடித்தார். வயிற்றெரிச்சலுக்கு அது கேட்கவில்லை.

அடுத்த காலை வரிசையில் கனகம் வந்தாள். கணபதி போத்தலை முகரவில்லை. "ஏ கனகம், நேத்து நர்சம்மாகிட்ட திரைக்குள்ள உக்காந்து அவ்வளவு நேரம் பேசுனியே, என்ன வருத்தம்? நமக்குத் தெரியாத வருத்தமா?"

மாரிசாமி திரும்பி மகளைப் பார்த்தான். அவள் கீழே பார்த்தபடி, "தலைவலிங்க" என்றாள்.

வயசுப் பிள்ளைக்கு மூடி மறைத்துப் பேச என்ன இருக்கிறது என்று அன்று இரவே லயங்களில் அப்பன்மார் கேட்டார்கள். கனகம் பிள்ளைக்காம்பராப் பக்கம் போகக் கூடாது என்று மாரிசாமி சொல்லிவிட்டான். மற்றவர்களும் சொன்னார்கள். கரையில் குந்த ஆளில்லை, ஆடு தேடவும் ஆளில்லை. நர்சம்மாவின் ஸ்வெட்டர்க் கை மட்டும் நீண்டது. தம் வைத்தியத்தில் இவ்வளவு விரைவாகக் குணம் கண்டது இதுதான் முதல்முறை என்று கணபதி நினைத்துக்கொண்டார்.

ஆனால் அங்கே போகாதவர்கள் இங்கேயும் வரவில்லை. யோசித்துப் பார்த்தார். அவளிடம் இருந்து, தம்மிடம் இல்லாதது எது? திரை. பெரகல சந்திக்கு இறங்கி, தாஸிம் நானாவின் கடையில் கிளித் துணியைக் கேட்டார். "நர்சம்மா இதுல மூணு கெஜம் எடுத்தாங்க டாக்டரய்யா" என்றார் நானா, துணியை விரித்துக்கொண்டே. "எனக்கு அஞ்சு" என்றார் கணபதி.

விசாலாட்சி தைத்துக் கொடுத்தாள். ஆணி அடித்து, ஜன்னலுக்கு உட்பக்கம், தமக்கும் சனங்களுக்கும் நடுவில் அவர் அதைத் தொங்கவிட்டார். பெரட்டுக் களம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அப்பனும் மாமனும் நின்ற இடத்தில்தான் நின்றார்கள். டாக்டரய்யா மட்டும் மறைந்துபோனார். "யாரது? சத்தமாச் சொல்லு, கேக்கல" என்று கிளிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முன்பு முணுமுணுத்தவர்கள் இப்போது கத்த வேண்டியிருந்தது.

கொழுந்துக்காரி பெரியாயி வரிசையில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டாக்டரய்யா பெரிய மனுசி ஆயிட்டாரு போல. மறைப்புக் கட்டி உக்கார வச்சிருக்காங்க. சீர் என்னைக்கின்னு கேளுங்கடி."

மறுநாள் திரைக்குள் ஒரு கை போத்தலை நீட்டியது. வழக்கம்போல முகர்ந்தார். "நல்லெண்ணெ" என்றார். பிறகுதான் போத்தல் நிறைய நல்லெண்ணெய் இருப்பதைக் கண்டார். கூடவே ஒரு பச்சை முட்டையும் வந்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுக்கும் பத்தியம். களம் சிரித்த சிரிப்பில் கங்காணி பேர் கூப்பிட மறந்தான். கணபதி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எறிவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று தெரியாமல் நெடுநேரம் நின்றார்.

அன்று மத்தியானம் மலையில் கனகம் கூடையோடு விழுந்தாள். மழைக் கம்பளியில் கிடத்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கணபதி சட்டைக் கையை மடித்துவிட்டுப் படியில் வந்து நின்றார். கம்பளி அவரைத் தாண்டிப் போயிற்று. மாரிசாமியே முன்னால் ஓடினான், பிள்ளைக்காம்பராவுக்கு. ஒருவரும் இவர் பக்கம் திரும்பவில்லை. பெண் விழுந்தது அவர் மனதில் அப்புறம்தான் பட்டது. முதலில் பட்டது, போன வழி.

கொஞ்ச நேரத்தில் நர்சம்மா குடையில்லாமல் வந்தாள். பின்னால் மாரிசாமியும் பாதி மலைச் சனமும். பதுளைக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்து லொறிக்கு டாக்டரய்யா எழுதும் துண்டுச்சீட்டு இல்லாமல் முடியாது. கணபதி திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"என்ன வருத்தம்? சொன்னாத்தானே எழுதலாம்."

நர்சம்மா பின்னால் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஜன்னல் கட்டையில் கையை ஊன்றி, கிளிகளை விலக்கித் தலையை உள்ளே விட்டாள். திரை தொங்கிய பின் அந்த ஜன்னலில் ஒருவர் குரலைத் தாழ்த்தியது அதுதான் முதல்முறை.

"மாசத்துல பாதி நாள் நிக்கிறதில்ல ஐயா. ரொம்ப நாளாவே. போன வாரம் பதுளைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தா. நீங்க பெரட்டுல கேட்டீங்க. அதுக்கப்புறம் வரல."

கணபதி பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். "மாச—" என்று களத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி ஆரம்பித்துவிட்டார். அவள் தோளுக்கு மேலே மாரிசாமியின் முகம் தெரிந்தது. வாய் திறந்தபடியே நின்றது. கடைசியில், "தலைவலி" என்றார். எழுதினார். துண்டைக் கிழித்தார். எழுந்து திரையை ஒதுக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி, "கடுமையான தலைவலி. வழிய விடுங்க" என்றார். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய விவரத்தை நர்சம்மா தனியாக எழுதி வைத்திருந்தாள்.

பதுளையில் கனகத்துக்கு இரத்தம் ஏற்றினார்கள். வெளுத்த முகத்தோடு, ஆனால் நடந்து, திரும்பி வந்தாள். அவள் மறுபடி நர்சம்மாவிடம் போவதை மாரிசாமி தடுக்கவில்லை. மற்ற அப்பன்மாரும் பார்க்காததுபோல இருந்துகொண்டார்கள். கரையில் குழந்தைகள் கூடின. ஆடும் மறுபடி தொலைந்தது.

இதனால் கணபதியின் பொறாமை தீர்ந்துவிட்டது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். குடையைக் கண்டால் இன்றும் அவர் மூக்கு சுருங்குகிறது. போத்தலை இன்றும் முகர்கிறார். ஆண்பிள்ளைகளின் போத்தலைப் பற்றி மட்டும் அறிவிக்கிறார். தராசுக்கு ஒழித்த இடத்தை விசாலாட்சி இன்னும் பெருக்குகிறாள்.

பெரிய டாக்டர் வரவிருந்த அன்று காலை, கணபதி ஜன்னலிலிருந்து ஆணியைப் பிடுங்கினார். ஐந்து கெஜத்தையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனார். நர்சம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒங்க துணி கட்டை. யாரு உக்காந்திருக்கான்னு ரோட்டுக்கே தெரியுது" என்று நிலைப்படியிடம் சொன்னார். பெஞ்சில் ஏறி, பழைய திரையைக் கழற்றிப் புதியதை மாட்டினார். இறங்கி வெளியே வந்து, மினுக்கிய சப்பாத்தோடு மண்ணில் குந்தித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில், மங்கிய ஊதாப் புள்ளியோடு ஒரு கால் இன்னும் தெரிந்தது. கீழ்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, அது மறையும்வரை இழுத்துவிட்டார்.